ஜாக்குக்கு முப்பது இல்லை

1

எனக்கு பக்கரா என்ற சீட்டாட்டம் விளையாட அனுமதி இல்லை. மற்றவர்கள் விளையாடத் தாள் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஜேர்மனியில், டோர்ட்மண்டில் இதை விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி எனக்கு வாய் உளைந்துவிட்டது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காவது ஒரே தடவையில் விளங்கட்டும்.

நகரத்துக்கு வெளியே, மலைமேல் இருக்கும் சூதாட்ட மண்டபத்தில் கறுப்பு வெயிஸ்ற்கோட்டும் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரிச் சின்னக் கறுப்பு 'போ'வும் கட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நிற்கத் தொடங்கி இந்த மாதத்தோடு மூன்று வருடம். இந்த வேலைக்கு இங்கே குரூப்பியே என்று பெயர். எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயரை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

வந்த புதிதில் எல்லோரையும் போல நானும் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். மன்னாரில் கணக்குப் படிப்பித்தவள் இங்கே கோப்பை கழுவுகிறாளே என்று அப்போது ஒருவரும் கூட்டம் போடவில்லை. பிறகு பேப்பரில் விளம்பரம் பார்த்தேன். பயிற்சியும் தருவார்களாம், சம்பளமும் தருவார்களாம். நேர்முகத்தில் முப்பத்தைந்தால் பெருக்கச் சொன்னார்கள், பதினேழால் பெருக்கச் சொன்னார்கள். பெருக்கினேன். கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார்கள். கோப்பை கழுவிக் கழுவித் தோல் உரிந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள்.

கஷ்டமெல்லாம் கந்தோரில்தான். வேலை அனுமதி தரும் அலுவலகத்தில் இருந்த அம்மா என் விண்ணப்பத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "சமையலறைக்குத்தானே?" என்று கேட்டார். இல்லை, மேசைக்கு என்றேன். அப்படியென்றால் நான் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று என் ஊர்ப் பொலிஸ் நிலையத்திலிருந்து கடிதம் வேண்டுமாம். அந்தப் பொலிஸ் நிலையம் இப்போது இல்லை, சண்டையில் கட்டடமே போய்விட்டது என்றேன். அதற்கு அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. திரும்பி வர இன்னொரு நாள் குறித்து டெர்மின் தந்தார். போனேன். அதற்குப் பிறகும் ஒன்று தந்தார். அதற்கும் போனேன். கடைசியில் என் முகத்தைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் முத்திரை குத்தினார் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

2

பக்கரா எப்படி விளையாடுவது?

ஊரில் நீங்கள் முந்நூற்றி நாலு விளையாடியிருப்பீர்கள். செத்த வீட்டில் விடியும்வரை முற்றத்தில் ஆண்கள் குந்தியிருந்து விளையாடுவார்களே, அதுதான். ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஏசுக்குப் பதினொன்று. துரும்பு எது என்று ஒளித்து வைத்து, எதிரே இருக்கும் கூட்டாளிக்குக் கண்ணால் சாடை காட்டி, போன தாளெல்லாம் மனதில் வைத்து விளையாடுவது. அதற்கு மூளை வேண்டும், கொஞ்சம் கள்ளமும் வேண்டும். டோர்ட்மண்டிலும் பிறந்தநாள் வீடானாலும் பூப்புனித நீராட்டு விழாவானாலும், கேக் வெட்டி முடிந்ததும் ஆண்கள் இதை விளையாடக் குசினிக்குள் ஒதுங்கிவிடுவார்கள். அதை ஒருவரும் சூது என்று சொல்வதில்லை.

இப்போது அந்தக் கணக்கையெல்லாம் மறந்துவிடுங்கள். பக்கராவில் ஜாக்குக்கு ஒன்றுமில்லை, பூச்சியம். ராணி, ராசா, பத்து, எல்லாம் பூச்சியம். ஏஸ் ஒன்று. மற்றத் தாளுக்கு அதில் போட்டிருக்கும் எண். கூட்டும்போது பத்தை விட்டுவிட வேண்டும். ஏழும் எட்டும் பதினைந்து, ஆகவே ஐந்து. ஆகக் கூடியது ஒன்பது.

மேசையில் இரண்டு பக்கம். ஒன்றுக்கு புண்டோ என்று பெயர், மற்றதற்கு பாங்கோ. நீங்கள் தாள் வருமுன் ஏதாவது ஒரு பக்கத்தில் காசு கொடுத்து மாற்றிய உங்கள் வில்லைகளை வைக்கிறீர்கள். இரண்டும் சமமாக வரும் என்றும் வைக்கலாம், ஆனால் அப்படி வைப்பவர்களுக்காக நான் பரிதாபப்படுகிறேன். பிறகு நான் பக்கத்துக்கு இரண்டு தாள் போடுகிறேன். எந்தப் பக்கத்துக்காவது கூட்டி எட்டோ ஒன்பதோ வந்தால் ஆட்டம் அதோடு முடிந்தது. இல்லையென்றால் சில வேளை மூன்றாவது தாள் வரும். அது எப்போது வரும் என்பது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். புண்டோவுக்கு ஐந்தும் அதற்குக் கீழும் என்றால் தாள் வரும், ஆறும் ஏழும் என்றால் நிற்கும். பாங்கோவின் சட்டம் இன்னும் கொஞ்சம் நீளம். ஒன்பதுக்குக் கிட்ட வந்தவருக்கு வெற்றி. பாங்கோ வென்றால் மண்டபக்காரர் அதில் ஒரு துண்டை எடுத்துக்கொள்வார்.

இவ்வளவுதான். இதில் விளையாடுவது எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இல்லை. பக்கத்தைத் தெரிந்தெடுத்து வில்லையை வைத்த பிறகு நீங்கள் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் மேசையைச் சுற்றி இருக்கும் ஆண்கள் சின்னக் கொப்பியில் புண்டோ, பாங்கோ என்று கோடு இழுத்து, நெற்றியைச் சுருக்கி, அடுத்தது எது என்று கண்டுபிடிப்பார்கள். என்னை ஒரு தரம் உற்றுப் பார்ப்பார்கள். நான் சாடை காட்டுவேன் என்று எதிர்பார்க்கிறார்களோ தெரியாது. எங்கள் ஆட்கள் இதில் இன்னும் மோசம். முந்நூற்றி நாலில் கெட்டிக்காரன் என்றால் இதிலும் கெட்டிக்காரன் என்று நினைப்பு.

3

சனிக்கிழமைகளில் தேவாலயத்தின் பின்மண்டபத்தில் எங்கள் தமிழ்ப் பாடசாலை நடக்கிறது. வேதக்காரரும் சைவக்காரரும் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். நான் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறேன், சம்பளம் இல்லாமல். வகுப்பு முடிய நேரே மலைக்கு பஸ் எடுத்தால்தான் வேலைக்கு நேரம் சரி. அதனால் சீருடையை உள்ளே போட்டு, மேலே நீளக் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டுதான் வகுப்பில் நிற்பேன். "கோட்டைக் கழட்டாதையும், சனம் கதைக்கும்," என்பது என் கணவர் அந்தோனியின் ஏற்பாடு. அவர் பாண் தொழிற்சாலையில் வேலை. நல்ல மனுஷன், சனத்துக்கு மட்டும் பயம்.

எங்கள் மகள் ஜெனி மூன்றாம் வகுப்பு. தமிழ்ப் பாடசாலையில் யாராவது கேட்டால் அம்மாவுக்கு ஹோட்டலில் வேலை என்று சொல்லும்படி அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். அவளுடைய ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. பெற்றோரின் தொழில் பற்றிய பாடத்தில் எழும்பி நின்று, என் அம்மா பக்கரா மேசையில் தாள் போடுகிறா என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை சந்தோஷப்பட்டு, அம்மாவை ஒருநாள் வகுப்புக்கு வரச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அன்று பின்னேரம் ஜெனி என்னிடம் ஜேர்மன் மொழியில் கேட்டாள். இப்போதெல்லாம் வீட்டில் அவள் அப்படித்தான். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். தமிழில் கதைக்கும் இடத்தில் மட்டும் தான் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளை மீது இல்லை. இவ்வளவு பாடுபட்டு, சனிக்கிழமை நித்திரையைக் கெடுத்து, பொய் சொல்வதற்கென்று ஒரு பாஷையை என் பிள்ளைக்கு நாங்களே பழக்கிக்கொண்டிருக்கிறோம் என்று விளங்கியபோது வந்த கோபம்.

அடுத்த சனியே பாடசாலைத் தலைவர் பொன்னம்பலம் அண்ணை என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். ஊரில் தபாலதிபராக இருந்தவர். முந்நூற்றி நாலில் அவரை வெல்ல இந்தப் பகுதியில் ஆள் இல்லை.

"ரீச்சர், குறை நினைக்கக் கூடாது. நீங்கள் சூது மேசையிலை நிக்கிறதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆள் அப்பிடி ஒரு வேலை செய்யிறது சரியில்லை எண்டு கமிட்டி நினைக்குது. அந்த வேலையை விடுங்கோ, இல்லாட்டி வகுப்பை விடுங்கோ."

"ஆர் அண்ணை கண்டது?"

"அதைச் சொல்லேலாது. நம்பிக்கையான ஆள்."

நம்பிக்கையான ஆள் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மண்டபத்துக்குள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க முடியாது. வாசலில் பாஸ்போட் காட்டி, பெயர் பதிந்து, கழுத்துப்பட்டி கட்டி உள்ளே வந்தால்தான் மேசையைக் காணலாம். கமிட்டியின் செயலாளர் குலம் என் மேசையில் வந்து இருப்பவர். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார், நானும் தெரியாதவள் மாதிரி நிற்பேன். நான் வாயைத் திறப்பதற்கு முன் தான் திறந்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பயந்த மனுஷன் செய்கிற வேலை.

ஒரு சொல் சொன்னால் அவருடைய கதை முடிந்தது. ஆனால் வந்தவர் யார் என்று வெளியே சொல்வதில்லை என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவருடைய மனைவி சாந்தி நல்ல பிள்ளை. அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் என் வகுப்பில்தான்.

"அண்ணை," என்றேன், "கமிட்டியிலை பியர் கொம்பனியிலை போத்தல் நிரப்புற ஆள் இருக்கிறார். போன வருசம் ஆண்டுவிழாவிலை அதிர்ஷ்டலாபச் சீட்டு வித்து ரைஸ் குக்கர் குடுத்தனீங்கள். நான் வேலையையும் விடமாட்டன், வகுப்பையும் விடமாட்டன். பெற்றார் கூட்டத்திலை எனக்கு அரை மணித்தியாலம் தாங்கோ. நான் என்ன செய்யிறன் எண்டு எல்லாருக்கும் காட்டுறன். பிறகு முடிவெடுங்கோ."

அவருக்குக் கோபம்தான். ஆனால் தாள் விளையாட்டு என்றதும் கண்ணில் ஒரு ஆசை வந்ததையும் நான் கண்டேன்.

4

பெற்றார் கூட்டத்துக்குக் கடையில் வாங்கிய மூன்று கட்டுத் தாளும் ஒரு பை கோதோடு வறுத்த கச்சான் கடலையும் கொண்டுபோனேன். பந்தயத்துக்கு வில்லைக்குப் பதில் கச்சான். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, நீள மேசையில் துணி விரித்து, சோக்கால் இரண்டு பக்கம் கீறினேன். கோட்டு இன்னும் கழுத்துவரை பூட்டித்தான் இருந்தது. அந்தோனி கதவடியில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் வெல்லும் எண்டு நினைக்கிறியளோ, அதிலை கச்சானை வையுங்கோ. ஒன்பதுக்குக் கிட்டக் கூடுறவைக்கு வெற்றி," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தைத் தாள் வர வரச் சொல்வதாக எண்ணம்.

பொன்னம்பலம் அண்ணைதான் முதலில் வந்து இருந்தார். புண்டோ பக்கம் ஐந்து கச்சான். போட்டேன். அவருக்கு ஜாக்கும் ஒன்பதும்.

"அம்பது," என்று கையைத் தட்டினார். சுற்றி நின்ற ஆண்கள் எல்லோருடைய முகமும் மலர்ந்தது. முந்நூற்றி நாலில் அந்த இரண்டு தாளும் ஒன்றாய் வருவது பெரிய அதிர்ஷ்டம்.

"அம்பது இல்லை அண்ணை, ஒன்பது. ஆனால் நீங்கள் வெண்டிட்டியள்."

"எப்பிடிக் கூட்டினாலும் வெற்றிதானே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெற்றிக் கச்சானில் இரண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த முறை அவருக்கு ஜாக்கும் ராசாவும். ஜாக்கைக் கண்டதும் இன்னொரு பிடி கச்சானை அள்ளி வைக்கப் போனார். கையைப் பிடித்தேன். தாள் விழுந்த பிறகு வைக்க முடியாது என்றேன். முகம் சுருங்கியது.

"முப்பது வந்திருக்கு பிள்ளை, கூட்டிக் கேக்காமல் விடுறதே?"

"ஜாக்குக்கு முப்பது இல்லை அண்ணை. பூச்சியம். ராசாவும் பூச்சியம்."

"ஜாக்குக்கோ?" அவருக்கு இது நெஞ்சில் அடித்த மாதிரி. சுற்றி நின்றவர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்காள் முணுமுணுத்தார்கள். பூச்சியம் என்பதால் மூன்றாவது தாள் போட்டேன், நாலு வந்தது. பாங்கோவுக்கு ஏழு. அவருடைய கச்சானை என் பக்கம் இழுத்தேன். அண்ணை விடவில்லை. போன தாளெல்லாம் மனதில் வைத்திருக்கிறேன், இந்த முறை பார் என்று சொல்லிவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் புண்டோவில் வைத்தார்.

நாலும் இரண்டும் வந்தது. ஆறு.

"இன்னொண்டு போடும்," என்றார்.

நான் சட்டத்தைச் சொல்ல முதல், பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற குலம், ஏதோ வீட்டில் சொல்வது மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்:

"ஆறிலை எடுக்கேலாது அண்ணை. ஆறும் ஏழும் நிக்க வேணும். பாங்கோவுக்கு அஞ்சுதானே, அவைக்குத்தான் இப்ப தாள் வரும்."

அந்தச் சட்டத்தை நான் இன்னும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அறை நிறைய ஜாக்குக்கு முப்பது கேட்டுக்கொண்டு நின்ற ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒருவருக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. பொறி வைத்தாயா என்று பிறகு பலர் என்னைக் கேட்டார்கள். இல்லை. இதில் விளையாட ஒன்றும் இல்லை என்று காட்டத்தான் போனேன். வாய் அவருடையது.

சாந்திதான் முதலில் கதைத்தாள். மெல்லத்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கையோ வாசிச்சனான்," என்றார் குலம்.

பொன்னம்பலம் அண்ணை கதிரையைத் திருப்பி அவரைப் பார்த்தார். "தம்பி, ரீச்சரைக் கண்ட ஆள் ஆரெண்டு கேட்டதுக்கு, பேர் சொல்லேலாது, நம்பிக்கையான ஆள் எண்டு எனக்குச் சொன்னது நீர்தானே?"

குலம் கோப்பையை ஒரு பக்கம் வைத்தார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையை ஆட்டினால் போதும் என்று நின்றார்கள். அவரும்தான் என்னைப் பார்த்தார், மலைமேல் என் மேசையில் ஒருநாளும் பார்க்காத கண்ணால்.

"எங்கடை வேலையிலை ஆர் வந்தது, ஆர் போனது எண்டு வெளியிலை சொல்லுறேல்லை," என்றேன். "அண்ணை, நீங்கள் வந்தாலும் நான் சொல்லமாட்டன்."

யாரோ சிரித்துவிட்டார்கள், பிறகு பொன்னம்பலம் அண்ணையே சிரித்தார். சாந்தி சிரிக்கவில்லை. நான் பாங்கோவுக்குத் தாளைப் போட்டேன். ஒன்பது வந்தது, ஐந்தும் ஒன்பதும் பதினாலு, ஆகவே நாலு. அண்ணையின் ஆறு வென்றிருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. கச்சானை எண்ணி அவர் பக்கம் தள்ளினேன்.

"அப்ப இதிலை விளையாடுறது ஆர் ரீச்சர்?" என்று கேட்டார், தாள்களைப் பார்த்தபடி.

"ஒருத்தரும் இல்லை அண்ணை. வைக்கிறியள், பாத்துக்கொண்டிருக்கிறியள். அவ்வளவுதான்."

"இதுக்கோ இவ்வளவு சனம் போகுது," என்றார். அவமானப்பட்டவர் மாதிரி எழும்பிப் போனார்.

5

கோப்பைகளைக் கழுவும்போது சாந்தி பக்கத்தில் வந்து நின்றாள். துவாயால் ஒரே கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஒரு ஆளை அங்கை உள்ளுக்கை விடாமல் பண்ணேலுமோ?"

"அந்த ஆள்தான் வரவேணும் சாந்தி. தானே வந்து, என்னை இனி விடாதையுங்கோ எண்டு எழுதிக் குடுத்தால் விடமாட்டினம். அப்பிடி ஒரு முறை இருக்கு. நீரோ நானோ எழுதேலாது."

அவள் தலையாட்டினாள். அந்த ஆள் வந்தாரா, எழுதிக் கொடுத்தாரா என்று நீங்கள் கேட்கக் கூடாது. கேட்டாலும் சொல்லமாட்டேன். பெயர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், இடத்தை மாற்றவில்லை. இதை எழுதலாமா என்று சாந்தியிடம் கேட்டேன். "எழுதுங்கோ அக்கா, கனபேருக்கு உதவும்," என்றாள்.

நான் நிற்கும் இடம் கோயில் என்று நான் சொல்லவில்லை. அங்கே வந்து சம்பளத்தை வைத்துவிட்டு வெறுங்கையோடு போகும் முகங்களை உங்களை விட எனக்குத் தெரியும். அதனால்தான் எங்கள் ஆட்களுக்கு அதன் சட்டத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். உள்ளே போகுமுன்னே சட்டம் தெரிந்தவனுக்கு அதில் ஆசைப்பட ஒன்றும் இல்லை. என்னை மறைத்து வைத்தால் அந்த மண்டபம் மூடப்பட்டுவிடாது. எங்களுக்குத் தெரியாத இடமாக இருக்கும், அவ்வளவுதான்.

6

அடுத்த சனிக்கிழமை வாசலில் பொன்னம்பலம் அண்ணை நின்றார்.

"ரீச்சர், கமிட்டி இன்னும் முடிவெடுக்கேல்லை."

"எடுத்த பிறகு சொல்லுங்கோ அண்ணை. அதுவரைக்கும் நான் படிப்பிக்கிறன்."

அவர் வழி விட்டார். விட்டுவிட்டு, "ஜாக்குக்குப் பூச்சியம் எண்டது அநியாயம்," என்றார். அது கமிட்டியின் கருத்து அல்ல, அவருடைய சொந்தக் கவலை.

இரண்டு குடும்பம் பிள்ளைகளை அனுப்பவில்லை. அவர்கள் இன்றுவரை அனுப்பவில்லை, என்னைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போகிறார்கள். போகட்டும். சாந்தியின் பிள்ளைகள் முன்வாங்கில் இருந்தார்கள். ஜெனி பின்வாங்கில், வழமைபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அன்று ஹீட்டரைக் கூட்டி வைத்திருந்தார்கள். நான் கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கோட்டைக் கொளுவியில் மாட்டினேன். கறுப்பு வெயிஸ்ற்கோட்டும் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சின்ன 'போ'வுமாகப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றேன்.

சாந்தியின் சின்ன மகள்தான் கேட்டாள். "ரீச்சர், இது என்ன உடுப்பு?"

நான் பதில் சொல்ல முதல் பின்வாங்கிலிருந்து ஜெனி எழும்பினாள். யாரும் கேட்காமல், அந்த வகுப்பில் முதல் தடவையாக, தமிழில் சொன்னாள்.

"அது அம்மான்ரை வேலை உடுப்பு. அம்மா சூது மேசையிலை தாள் போடுறவ. அம்மா விளையாடுறேல்லை."

சொல்லிவிட்டு இருந்தாள். நான் சோக்கை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினேன், என் முகத்தைப் பிள்ளைகள் பார்க்காமல் இருக்கட்டும் என்று.